பின் சக்கரத்துக்கு எதற்கு இத்தனை பல்

சேசு மரி சூசை துணை

காரைக்குடி,
1931 ஆகஸ்டு, சனிக்கிழமை.

என் அருமை மகன் செபஸ்தியானுக்கு உன் அம்மா சந்தனமேரி ஆசீர்வாதம் சொல்லி எழுதுவது. இங்கே நான், மாடு, கன்று எல்லாரும் ஆண்டவர் புண்ணியத்தில் சௌக்கியம். உன் அய்யா எப்படி இருக்கிறார் என்பதை நீதான் எனக்கு எழுத வேண்டும், ஏனென்றால் ஒரே வீட்டில் இருக்கிற என்னைவிட ரெங்கூனில் இருக்கிற உனக்குத்தான் அவரைப் பற்றி அதிகம் தெரிகிறது போலிருக்கிறது. ஏன் இப்படி ஆரம்பிக்கிறாள் என்று யோசிக்காதே, பொறுமையாகப் படி, கடைசிப் பக்கத்துக்குத் தாவாதே, உன் பழக்கம் எனக்குத் தெரியும்.

மழை இன்னும் இறங்கவில்லை, கிணற்றில் கயிறு நீளம் பத்தாமல் முடிச்சுப் போட்டு இறைக்கிறேன். அங்கே பர்மாக்காரர்களுக்கும் நம் ஆட்களுக்கும் மறுபடியும் மனஸ்தாபம் என்று கோயிலில் பேசிக்கொண்டார்கள், பொழுது சாய்ந்தால் வெளியே போகாதே. நீ அனுப்பிய போட்டோவைப் பார்த்தேன், சட்டை நன்றாக இருக்கிறது, கன்னம்தான் ஒட்டியிருக்கிறது. நானே சமைத்துச் சாப்பிடுகிறேன் என்று எழுதியிருக்கிறாய். நான் நம்பவில்லை. சமைக்கிறவன் கை போட்டோவில் இவ்வளவு வெள்ளையாக இருக்காது. சாப்பாட்டுக் கிளப்பில் சாப்பிட்டாலும் பரவாயில்லை, மோராவது ஊற்றிக்கொள், பொய் மட்டும் எழுதாதே. இந்தக் குடும்பத்தில் பொய் எழுதுகிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள் என்பதால் சொல்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். உன் அய்யாவின் சைக்கிளுக்கு நீ முதலில் அனுப்பிய பிரீவீல் பல் சக்கரத்தைப் பற்றி எனக்கு வருத்தம் இல்லை. அந்த வண்டி உன்னைவிட மூத்தது, ஜில்லா போர்டு ஓவர்சியர் மாற்றலாகிப் போகும்போது இவரிடம் விட்டுப் போனது. சக்கரம் சுற்றினால் பெடலும் சுற்றியே தீரும், இறக்கத்தில்கூடக் காலுக்கு ஓய்வு கிடையாது. அந்த வண்டியில்தான் இத்தனை வருஷமும் போர்டு உத்தியோகமாக ஊர் ஊராகப் போய்ப் பிள்ளைகளுக்கு அம்மை குத்திவிட்டு வந்தார். முட்டி வலிக்கிறது என்று உனக்கு எழுதினார், நீ வேலை பார்க்கிற சைக்கிள் கடையிலிருந்து பிரீவீல் அனுப்பினாய். பிரீ என்றால் இனாம் என்றுதான் நான் நினைத்தேன், இனாமாக வருகிற சாமானில் என்ன கோளாறோ என்று இரண்டு நாள் வண்டியைத் தொடவே இல்லை. பிறகு உன் அய்யா சிரித்துக்கொண்டே விளக்கினார், கால் சும்மா இருந்தாலும் சக்கரம் தன்பாட்டில் ஓடுமாம். அப்படியானால் அதை யார் நிறுத்துவது என்று கேட்டேன், முன்பெல்லாம் காலை இறுக்கித்தானே நிறுத்துவார். பிரேக் கட்டை புதிதாகப் போட்டிருப்பதைக் காட்டினார். பழைய சக்கரத்தில் எத்தனை பல்லோ அதே பதினெட்டுப் பல்தான் புதியதிலும். சரி என்று விட்டுவிட்டேன். வண்டியை வாசலில் உருட்டி வரும்போது கிர்கிர் என்று ஒரு சத்தம், அதுவும் காதுக்குப் பழகிவிட்டது.

ஆனால் இரண்டாவது பிரீவீல் ஒன்று அனுப்பினாயே, அதைப் பற்றி ஏன் எனக்கு ஒரு வரி எழுதவில்லை. சின்னச்சாமி சைக்கிள் கடை விலாசத்துக்கு அனுப்பியிருக்கிறாய். நம் வீட்டுக்கு விலாசம் இல்லையா. சனிக்கிழமை வண்டியைத் துடைப்பது என் வேலை என்பது உங்கள் இரண்டு பேருக்கும் மறந்துபோய்விட்டது. பங்குனியில், சேசு உயிர்த்த பாஸ்குத் திருநாள் கழிந்த சனிக்கிழமை எண்ணெய்த் துணியால் துடைக்கும்போது பார்க்கிறேன், துருப்பிடித்த செயினில் இரண்டு கண்ணி மட்டும் பளபளவென்று இருக்கிறது. செயின் எதற்கு நீண்டது என்று பின்னால் பார்த்தேன், பல் சக்கரம் பெருத்திருக்கிறது. சுண்ணாம்பால் ஒரு பல்லில் பொட்டு வைத்து எண்ணினேன், இருபத்திரண்டு.

நான் படிக்காதவள் இல்லை, கன்னியர் மடத்தில் நாலு வகுப்புப் படித்தவள். அதோடு நீ சின்னச்சாமி கடையில் தொழில் பழகிய காலத்தில் அடுப்படியில் உட்கார்ந்து எனக்குச் சொன்னதெல்லாம் மறக்கவில்லை. பின்னால் பல் குறைந்தால் வண்டி பறக்கும் ஆனால் மிதி கனக்கும், பல் கூடினால் மிதி லேசாகும் ஆனால் வண்டி மெதுவாகத்தான் போகும், பாரம் ஏற்றுகிறவனுக்கும் மேடு ஏறுகிறவனுக்கும்தான் பெரிய பல் என்று நீதான் சொன்னாய். உன் அய்யா போகிற பாதை எனக்குத் தெரியும், பெரிய மேடு ஒன்றும் கிடையாது, வழக்கமான ஏற்றம் இரண்டு மூன்று, அதைப் பதினெட்டுப் பல்லிலேயே இத்தனை காலம் ஏறினார். அப்படியானால் பாரம். என்ன பாரம். அம்மை குத்தக் கொண்டுபோகிற அம்மைப்பால் பெட்டி ஒரு கோழியின் கனம்கூட இருக்காது.

அவரிடமே கேட்டேன். எதிர்க்காற்று, அதற்காக மாற்றினேன் என்றார். ஆடிக் காற்றுக்குப் பாஸ்குவிலேயே சக்கரம் மாற்றுகிற மனுஷனை நான் இப்போதுதான் பார்க்கிறேன். அதைச் சொன்னதும் மாட்டுக்குத் தண்ணீர் காட்டவில்லையே என்று எழுந்து போய்விட்டார். மாடு அப்போதுதான் குடித்து முடித்திருந்தது.

அன்றிலிருந்து நான் கண்ணை மூடவில்லை. பெட்டியைப் பின்னால் கேரியரில்தான் கட்டுவார், இப்போது ஹேண்டில்பாரில் தொங்கவிடுகிறார். கேரியர் காலியாக இருக்கிறது. காலி என்றுகூடச் சொல்ல முடியாது, சாக்கை நாலாக மடித்து மெத்தை மாதிரி கட்டியிருக்கிறார். யார் உட்கார அந்த மெத்தை. விடியுமுன் கிளம்புகிறார், விளக்கு வைத்தபிறகு வருகிறார், அதே ஊர்கள், அதே வேலை. கட்டிக்கொடுக்கிற சோறு பாதி திரும்பி வருகிறது. முன்பெல்லாம் தூக்குச்சட்டியைக் கழுவிய மாதிரி வழித்துச் சாப்பிடுகிறவர். எங்கே சாப்பிட்டீர்கள் என்றால் பசியில்லை என்கிறார். சட்டையில் தைல வாசனை, முட்டிக்குத் தேய்த்தது என்கிறார். முட்டிக்குத் தேய்த்த தைலம் சட்டைப் பையில் எப்படி மணக்கும், நீயே சொல்.

சின்னச்சாமி கடைக்கே போனேன். இந்தப் பெரிய பல் எதற்கு மாட்டினாய் என்று நேராகக் கேட்டேன். அவன் செயினைத் தேய்த்துக்கொண்டே, "அது டபுள்ஸ் வீலு அக்கா, பின்னாடி ஆள் ஏத்திக்கிட்டுப் போறவுக போடுறது" என்றான். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தான், உடனே தலையைக் குனிந்துகொண்டு, அண்ணனுக்கு வேறு காரணம் இருக்கும் என்றான். என்ன காரணம் என்றேன். காற்று என்றான். இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டு சொல்கிறார்கள் என்று எனக்குத் தெரியாதா. வீட்டுக்கு வந்தால் பக்கத்து வீட்டுக் காளியாயி வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, நான் கேட்காமலேயே, "எனக்கு ஒண்ணும் தெரியாதுத்தா, நான் எதையும் பாக்கலை" என்கிறாள். எதையும் பார்க்காதவள் எதற்கு அதைச் சொல்ல வர வேண்டும்.

திருப்பத்தூர்ப் பக்கத்து மிஷன் பள்ளிக்கூடத்தில் இன்பமேரி என்று ஒரு டீச்சர் இருக்கிறாள். புருஷன் செத்து மூன்று நாலு வருஷம் ஆகிறது. அம்மை குத்தப் போனால் அவள்தான் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி அழாமல் பார்த்துக்கொள்வாள் என்று உன் அய்யா அடிக்கடி சொல்லியிருக்கிறார். பாஸ்குவுக்குப் பிறகு அவள் பேரையே எடுப்பதில்லை. எனக்கு அவள்மேல் ஒன்றும் கிடையாது, நல்ல பெண் என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள், எல்லாரும் சொல்வதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. பங்குச் சாமியாரிடம் போய், இவர் பாவசங்கீர்த்தனத்தில் பாவத்தைச் சொல்லும்போது ஏதாவது ஒத்துக்கொண்டாரா என்று கேட்டேன். அதைக் கேட்பதே பாவம் என்று எனக்கு ஐம்பத்து மூன்று மணி ஜெபமாலை அபராதம் போட்டு அனுப்பிவிட்டார்.

ஆகையால் உன்னைக் கேட்கிறேன். சக்கரம் வேண்டும் என்று அவர் உனக்கு எழுதியிருக்கிறார், சும்மா எழுதியிருக்க மாட்டார், காரணம் சொல்லியிருப்பார். பல் எத்தனை வேண்டும் என்று கேட்கிற தொழில்காரன் எதற்கு என்று கேட்காமல் இருக்க மாட்டான். அவர் உனக்கு என்ன எழுதினார், உள்ளது உள்ளபடி எழுது. நான் யாரோடும் சண்டை போடப் போவதில்லை. இத்தனை வயசுக்குமேல் என் வீட்டில் எனக்கு இடம் இருக்கிறதா இல்லையா என்பது மட்டும் எனக்குத் தெரிய வேண்டும்.

புதன்கிழமை.

சனிக்கிழமை எழுதியதைத் தபாலில் போடவில்லை. உன் பதில் கப்பலேறி வருகிறவரை யார் காத்திருப்பது என்று, திங்கட்கிழமை அவர் கிளம்பிப் போன பிறகு வீட்டைப் பூட்டிக்கொண்டு நானே திருப்பத்தூர் பஸ்ஸில் ஏறிவிட்டேன். காளியாயியிடம் சந்தைக்குப் போகிறேன் என்று சொன்னேன். பள்ளிக்கூடத்து வாசலில் போய் நிற்பது, அவர் வண்டி அங்கே நிற்கிறதா, கேரியரிலிருந்து யார் இறங்குகிறார்கள் என்று கண்ணால் பார்ப்பது, அதுதான் என் திட்டம். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு ஜன்னல் ஓரமாக உட்கார்ந்திருந்தேன்.

பிள்ளையார்பட்டியில் சாமி கும்பிடப் போகிறவர்கள் இறங்கினார்கள், அதற்கே வெகுநேரம் ஆயிற்று. பஸ் மறுபடி கிளம்பி ஏற்றத்தில் முனகிக்கொண்டு போகும்போது முன்னால் ஒரு ஆள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போவது தெரிந்தது. தலைப்பாகையைப் பார்த்துத்தான் உன் அய்யா என்று கண்டுகொண்டேன், நடையைப் பார்த்து இல்லை. அது அவர் நடையே இல்லை. பக்கத்தில் யாரும் இல்லை, முன்னாலும் பின்னாலும் யாரும் இல்லை. அத்தனை பெரிய பல் இருந்தும் அந்தச் சின்ன மேட்டில் மிதித்து ஏற முடியாமல் இறங்கித் தள்ளுகிறார். நாலு எட்டு வைக்கிறார், நிற்கிறார். பஸ் அவரைக் கடக்கிற நேரத்தில் வண்டியை ஒரு மரத்தில் சாத்திவிட்டு, கேரியரில் கட்டியிருந்த அந்தச் சாக்கு மெத்தையில் நெஞ்சை வைத்துக் கவிழ்ந்து படுத்துக்கொண்டார். வாயைத் திறந்து மூச்சு வாங்குகிறார், முதுகு ஏறி இறங்குகிறது. அந்த மெத்தை யாருக்கு என்று எனக்கு அப்போது தெரிந்தது.

நான் பஸ்ஸை நிறுத்தச் சொல்லவில்லை. இறங்கி ஓடியிருக்கலாம். ஆனால் நான் பார்த்துவிட்டேன் என்று தெரிந்தால் அந்த மனுஷன் அன்றைக்கே ஒடிந்துபோவார் என்று தோன்றியது. திருப்பத்தூரில் இறங்கிச் சந்தையில் எதுவும் வாங்காமல் ஒரு கடை ஓரத்தில் உட்கார்ந்து அழுதுவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பினேன். இன்பமேரி டீச்சர் அங்கே இல்லவே இல்லையாம், பாஸ்குவுக்கு முன்பே மாற்றலாகிப் போய்விட்டாள் என்று பஸ்ஸில் ஒரு அம்மாள் சொன்னாள். மேலே அவளைப் பற்றி எழுதியதை அடிக்காமல் விட்டிருக்கிறேன், நீங்கள் இரண்டு பேரும் மறைத்தால் என் புத்தி எங்குட்டெல்லாம் போகும் என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

வந்த சூட்டோடு சின்னச்சாமி கடைக்குப் போனேன். நான் பார்த்ததைச் சொன்னேன். கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னான்: "ஒங்ககிட்டச் சொல்லக்கூடாதுன்னு பிள்ளையார் மேல சத்தியம் வாங்கிட்டாகக்கா. ஏத்தத்துல மூச்சு முட்டுது, பல்லைக் கூட்டிக் குடுறான்னாக." இப்போது இருபத்திரண்டும் போதவில்லையாம், அதைவிடப் பெரியது வேண்டும் என்று உனக்கு எழுதியிருக்கிறாராம், பார்சலுக்குக் காத்திருக்கிறார்களாம். பிள்ளையார் மேல் சத்தியம் வாங்குகிறார் பார், ஞாயிறு தவறாமல் பூசை காண்கிறவர்.

அவரிடம் நேராகக் கேட்டால் காற்று என்பார், அதனால் நேற்றுக் காலையில் எனக்கு நெஞ்சு வலிக்கிறது, டாக்டரிடம் கூட்டிப் போங்கள் என்று படுத்துக்கொண்டேன். பதறிப்போய்விட்டார். மாட்டுவண்டி பார்க்கிறேன் என்று சொல்வார் என்று நினைத்தால், வாசலில் சைக்கிளைக் கொண்டுவந்து நிறுத்தி, "ஏறிக்க, டபுள்ஸ் போயிரலாம், பல்லு பெருசு" என்கிறார். வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பார். ஏறி உட்கார்ந்தேன். தெரு முனைவரை மிதித்தார். எனக்கு அவர் மூச்சுச் சத்தம் மட்டும்தான் கேட்டது. ஊருணிக் கரை மேடு வந்ததும் கேரியர் இடுப்பில் குத்துகிறது, நடந்தே வருகிறேன் என்று இறங்கிவிட்டேன். அவர் என் முகத்தைப் பார்த்தார், நான் செருப்பில் கல் மாட்டிய மாதிரி குனிந்துகொண்டேன். பிறகு அவர் ஒரு பக்கம் நான் ஒரு பக்கமாக வண்டியைத் தள்ளிக்கொண்டு போனோம்.

டாக்டர் என்னைப் பார்த்துவிட்டு உனக்கு ஒன்றும் இல்லை என்றார். அப்படியானால் இவரைப் பாருங்கள் என்று முன்னால் தள்ளிவிட்டேன். குழாயை வைத்து நெஞ்சிலும் முதுகிலும் வெகுநேரம் கேட்டார். இருதயம் பெருத்துத் தளர்ந்துவிட்டது, சைக்கிள் மிதிக்கவே கூடாது, மிதித்தால் வழியிலேயே விழுந்துவிடுவீர் என்று சொன்னார். உன் அய்யா சட்டையைப் போட்டுக்கொண்டே, இதைப் போர்டு ஆபீஸுக்கு எழுதிவிடாதீர்கள் என்றுதான் முதலில் கேட்டார். திரும்பி வரும்போது சண்டை போட்டேன். "தை பொறந்தா அம்மை ஆரம்பிச்சிரும், நான் போகலைன்னா அந்தப் புள்ளைகளுக்கு யாரு குத்துறது" என்று மட்டும் சொன்னார். ஆனால் அந்தப் பிள்ளைகளுக்குப் போர்டு வேறு ஆளை அனுப்பும். எனக்கு யார் அனுப்புவார்கள்.

நேற்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு மேல் எல்லாவற்றையும் ஒத்துக்கொண்டார், உனக்கு எழுதியதையும், தெருவில் மூச்சு வாங்கி நின்றதைப் பார்த்த காளியாயி வாயைக் கட்டியதையும் சொன்னார். கால் வலி என்று மட்டும்தான் எழுதினேன், மூச்சைப் பற்றி எழுதவில்லை என்கிறார். நான் நம்பவில்லை. பதினெட்டிலிருந்து இருபத்திரண்டு, அதற்குமேலும் ஒன்று என்று ஒருவர் கேட்டுக்கொண்டே போனால், சைக்கிள் கடையில் நிற்கிற உனக்கு அவர் காலில் பலம் குறைகிறது என்று தெரியாமல் இருக்குமா. தெரிந்துதான் அனுப்பினாய். அய்யா மனசு நோகக்கூடாது என்று நினைத்திருப்பாய். அதற்காக உன்னைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை, ஆனால் எனக்கு எழுதியிருக்க வேண்டும் செபஸ்தியான்.

தேவமாதா உன்னைக் கண்போல் காக்கட்டும், உன் காவல் சம்மனசு உன் கூடவே இருக்கட்டும். கழுத்தில் கிடக்கிற மாதா படம் வைத்த உத்தரியத்தைக் குளிக்கும்போதும் கழற்றாதே. சின்னச்சாமி கடை விலாசத்துக்கு இனி ஒரு ஆணிகூட அனுப்பாதே, எதுவானாலும் வீட்டு விலாசத்துக்கு, என் பேருக்கு எழுது. இதை எழுதும்போது உன் அய்யா பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார், கண்ணாடி இல்லாததால் நான் என்ன எழுதுகிறேன் என்று அவருக்குத் தெரியவில்லை. அந்தப் பெரிய பிரீவீலை மறக்காமல் அடுத்த கப்பலில் அனுப்பச் சொல்லி எழுது என்று மூன்றாவது தடவையாகச் சொல்கிறார். எழுதிவிட்டேன் என்று சொல்லிவிட்டேன். நீ அதை அனுப்பாதே. அந்தக் கப்பலில் நீ வா.

இப்படிக்கு,
உன்னை எதிர்பார்த்திருக்கும் அம்மா
சூ. சந்தனமேரி